'வேர்கள்': சொற்சான்றும் குடிவழியும்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'வேர்கள்', அடிமையாகக் கடல் கடத்தப்பட்ட மூதாதை ஒருவரின் பிறப்பிடத்தைத் தேடிச் செல்லும் நூலாகும். ஹேலியின் குடும்பத்தில் தலைமுறைதோறும் வாய்மொழியாக வழங்கிவந்த சில ஆப்பிரிக்கச் சொற்களே இத்தேடலுக்கு அடிப்படை. நரம்பிசைக் கருவியைச் சுட்டும் 'கோ', ஆற்றைச் சுட்டும் 'காம்பி பொலோங்கோ' என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வாய்மொழி மரபாய்வாளர் யான் வான்சினாவின் துணையுடன் ஹேலி இவற்றை மாண்டிங்கா மொழிக்கும் காம்பியா ஆற்றுக்கும் உரியனவாகக் கொண்டார்.

இதுவரை அவர்தம் நெறி ஏற்கத்தக்கதே. சொல்லானது ஒரு மொழியையும் அது வழங்கும் நிலப்பரப்பையும் காட்டவல்லது. தனிமனிதர் ஒருவரைக் காட்டவல்லதன்று. ஹேலியோ ஜுஃபூரே ஊர்க் கதைசொல்லியின் கூற்றை ஏற்று, 1767இல் அன்னபொலிஸ் சேர்ந்த கப்பலில் குண்டா கிண்டே வந்ததாக முடிவு செய்கிறார்.

1981இல் வெளிவந்த இரு ஆய்வுகள் இவ்விணைப்பை மறுத்தன. குண்டா கிண்டேயாகக் கருதப்பட்ட டோபி என்னும் அடிமை, 1767க்கு முன்னரே வர்ஜீனிய ஆவணங்களில் இடம்பெற்றிருத்தலை மில்ஸ் இணையர் காட்டினர். ஹேலியின் நாட்டம் ஜுஃபூரேயில் முன்னரே அறியப்பட்டிருந்தமையால் கதைசொல்லியின் சான்று ஐயத்திற்குரியது என்பதை டொனால்டு ரைட் புலப்படுத்தினார்.

இதனால் சொற்சான்று பயனற்றதாகிவிடாது. பெயரும் பறிக்கப்பட்ட மக்களுக்கு எஞ்சிய சான்றுகள் மிகச் சில. மொழியெச்சம் அவற்றுள் ஒன்று. ஆதலின் அதன்மீது அது தாங்காத முடிவை ஏற்றுதல் அம்மக்களுக்கே இழப்பாகும். காம்பியா ஆற்றங்கரை என்ற அளவில் ஹேலி நின்றிருப்பின், கதையின் நிறைவு குன்றியிருக்கும். சான்றின் வலிமை குன்றியிராது.