ஒளியிழையின் நிறப்பிரிகையும் அதைத் திருத்திய மரபுகளும்

கொழும்புக் கோட்டையிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதப் பாதை ஏறக்குறைய 200 கிலோமீற்றர். அவ்வளவு நீளத்துக்கு ஓர் ஒளியிழையை இழுத்து, செக்கனுக்கு 10 கிகாபிட் வேகத்தில் துடிப்புகளை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 100 பிக்கோசெக்கன். ஆனால் துடிப்பினுள் கலந்திருக்கும் அலைநீளங்கள் கண்ணாடியில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை; இதுவே நிறப்பிரிகை. ஜி.652 தரத்துச் சாதாரண இழையில், 1550 நானோமீற்றரை ஒட்டி, ஒரு நானோமீற்றர் வேறுபாட்டுக்குக் கிலோமீற்றருக்கு 17 பிக்கோசெக்கன் பிந்தும். துடிப்பின் அகலம் 0.1 நானோமீற்றர்தான் என்றாலும் நானுஓயாவை எட்டுமுன் 340 பிக்கோசெக்கன் பரவி, அண்டைத் துடிப்புகளோடு குழம்பிவிடும். பெருக்கி இதற்கு மருந்தல்ல. அது மங்கியதைக் கூட்டும், கலைந்ததை ஒழுங்காக்காது.

முதல் மரபினர் இழையையே மாற்றினார்கள். முறிவுச் சுட்டியின் அமைப்பைத் திருத்தி, 1550-இல் நிறப்பிரிகையைப் பூச்சியமாக்கினார்கள், அதுவே ஜி.653. ஒற்றை அலைநீளத்துக்கு அது அருமையான இழை. ஒரே இழையில் பல அலைநீளங்களை ஏற்றும் காலம் வந்தபோதோ, எல்லாம் ஒரே வேகத்தில் சேர்ந்தோடி, ஒன்றோடொன்று வினைபுரிந்து, அனுப்பாத புது அலைகளைப் பிறப்பித்தன. இத்துறையின் மிகப் பெரிய பாடம் இது என்றே நான் கருதுகிறேன்: வழிநெடுகச் சிறிது நிறப்பிரிகை இருக்கத்தான் வேண்டும், முடிவில் அதைக் கழித்தால் போதும். சிறிதளவை வேண்டுமென்றே விட்டுவைத்த ஜி.655 இப்படித்தான் பிறந்தது.

கழிப்பதற்கு, இரண்டாம் மரபாக, எதிர்க்குறி நிறப்பிரிகை கொண்ட இழை வந்தது. ஒரு நானோமீற்றர் வேறுபாட்டுக்குக் கிலோமீற்றருக்கு −100 பிக்கோசெக்கன் தரும் இழை 34 கிலோமீற்றர் இருந்தால் நமது 200 கிலோமீற்றரின் பரவல் தீரும். ஆனால் அதன் ஒளியிழப்பு அதிகம். அதை ஈடுகட்ட இன்னொரு பெருக்கி வேண்டும். இழையைக் குறுக்கும் முயற்சியில் டில்லி ஐ.ஐ.டி.யின் தியாகராஜன், கட்டக் ஆகியோரின் குழுவினர் 1996-இல் ஒருமைய இரட்டை உள்ளகம் கொண்ட வடிவமைப்பைக் கணித்து, −5100 வரை எட்டலாம் எனக் காட்டினார்கள். நம் துணைக்கண்டத்துக்குப் பெருமை தரும் பங்களிப்பு அது. அலைநீளத்துக்கு ஏற்ப வெவ்வேறு ஆழத்தில் ஒளியைத் திருப்பும் பிராக் கீற்றணிகளும் பயன்பட்டன.

2008-ஐ ஒட்டி மூன்றாம் மரபு வணிகத்துக்கு வந்தது. வாங்கி ஒளியின் வலிமையை மட்டுமன்றி அவத்தையையும் அளந்தால், நிறப்பிரிகையைக் கணிப்புச் சில்லே திருப்பிக் கழித்துவிடும். இம்மாற்றத்தை இலங்கைக்கு வரும் கடலடி வடங்களிலும் காணலாம்: கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 வடம் 2005-இல் 10 கிகாபிட் அலைகளுக்காக அமைந்தது. 2016-இல் மாத்தறைக்கு வந்த சீ-மீ-வீ 5, 100 கிகாபிட் அலைகளுக்காக. எதிர்க்குறி இழைச் சுருள்கள் இனித் தேவையில்லை.

எஞ்சியிருப்பது, ஒளியின் வலிமையைக் கூட்டும்போது கண்ணாடியின் சுட்டியே மாறுவதால் வரும் திரிபு. அதையும் கணித்துத் திருப்பும் வழி தெரியும். ஆனால் அதற்கு வேண்டிய கணிப்புச் சுமை மிகப் பெரிது என்பதால், முழு வடிவில் அது பெரும்பாலும் ஆய்வுகூடத்திலேயே நிற்கிறது.