ஏற்காட்டின் இரு விழாக்கள்

சேர்வராயன் மலையில், பெரும்பாலும் மே மாதத்தில், இரு விழாக்கள் நடைபெறுகின்றன. ஒன்று, ஏற்காட்டில் அரசு நடத்தும் கோடை விழா. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி ஆகியவற்றோடு கலை நிகழ்ச்சிகளும் அதில் உண்டு. மற்றொன்று, மலையுச்சியில் குகைக்குள் அமைந்த சேர்வராயன், காவேரியம்மன் கோயிலில் மலையாளிப் பழங்குடியினர் திரண்டு கொண்டாடும் திருவிழா. நாட்டுப்புறக் கலைகளைக் காப்பது பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

மலையாளிகள் என்றதும் கேரளத்தார் என மயங்க வேண்டா. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் மூத்தவரின் வழிவந்தோர் தாம் என்பது இம்மலையினரின் மரபுரை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் மலையாளிகளின் இம்மரபுரை பதிவாகியுள்ளது. தம் வரலாற்றை வாய்மொழியாகவே சுமந்து வந்த மக்களுக்குப் பாட்டும் ஆட்டமும் வெறும் பொழுதுபோக்கல்ல. அவையே அவர்தம் ஏடு.

விழா மேடை இதனை அறியுமா? வட்டமாய் நின்று தமக்காக ஆடும் எந்தக் கலையும், மேடையேறியதும் முன்வரிசை விருந்தினரை நோக்கித் திரும்ப நேர்கிறது. இரவெல்லாம் நீள வேண்டியது சில நிமிடங்களில் முடிகிறது. எஞ்சுவது ஆடையும் அசைவுமே.

மேடையும் இல்லையெனில் கலையே மறைந்துவிடும் என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளுவதற்கில்லை. மேடை கலைஞனுக்குச் சன்மானமும் மதிப்பும் தருகிறது. எனினும் கலை நலிவதற்குக் காரணம் மேடையின்மை அன்று. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொணர்ந்தார். பின்னர் மலைநிலத்தின் பெரும்பரப்பு தோட்டங்களாயிற்று. சாமையும் கேழ்வரகும் விதைத்த மக்கள் பலர் கூலிக்குச் சென்றனர். விதைப்பே நின்ற நிலத்தில் விதைப்புப் பாட்டு எங்ஙனம் வாழும்?

2007-இல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் அமைத்தது. பாராட்டத்தக்க செயலே. ஆயின் அது கலையைத் தொழிலாகக் கொண்டோர்க்கே பெரிதும் பொருந்தும். மலையூரில் கலைஞர் எனத் தனியே ஒருவர் இலர்; ஊரே ஆடுகிறது, ஊரே பாடுகிறது. ஊரைப் பேணாது கலைஞரை மட்டும் பேணுதல், வேரை விடுத்து இலைக்கு நீர் வார்ப்பதாகும். யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், எது தம் மரபு என அடையாளங்காணும் உரிமையை அம்மக்களுக்கே அளிக்கிறது. இந்தியா 2005-இல் அதனை ஏற்றது.

ஆகவே செய்யத்தக்கவை தெளிவு. பாடல்களை அவை பாடப்படும் இடத்திலேயே, பாடுவோர் இசைவோடு ஒலிப்பதிவு செய்க. அப்பதிவின் ஒரு படி அவ்வூர்ப் பள்ளியில் இருக்கட்டும். முதியோர்க்கு ஊதியம் தந்து சிறாருக்குக் கற்பிக்கச் செய்க. கோடை விழாவில் எதை ஆடுவது, எதை ஆடாது விடுவது என்னும் முடிவை ஊராரிடமே விடுக. கோயில் முற்றத்துக்கே உரியது மேடைக்கு வர வேண்டியதில்லை. நாம் காணாத ஆட்டமும் வாழும் ஆட்டமே அன்றோ!