பெயின்ட்டு யார் வாங்கிக் குடுத்தா?

குழந்தைகளுக்கான ஓவியர் கதைகளில் நான் படித்த பலவும் ஒரே கதைதான். ஒருத்தர் வித்தியாசமாக வரைகிறார். ஊர் சிரிக்கிறது. அவர் கண்டுகொள்ளாமல் வரைந்துகொண்டே இருக்கிறார். செத்துப்போன பிறகு உலகம் கொண்டாடுகிறது. நம்ம ஊர் தன்னம்பிக்கைப் புத்தகத்துக்கு வண்ணம் பூசினால் கிட்டத்தட்ட இதுதான் வரும்.

இந்த அச்சில் கச்சிதமாக உட்காருகிறவர் வான்கோ. லாரன்ஸ் அன்ஹோல்ட் எழுதி வரைந்த 'கமீலும் சூரியகாந்திகளும்' (1994) இந்த வகையில் நிறையப் பேர் கைக்குப் போன புத்தகம். மோசமான புத்தகம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அதன் கெட்டிக்காரத்தனம் கதையை எங்கே நின்று சொல்கிறது என்பதில் இருக்கிறது. ஆர்ல் ரயில் நிலையத்தில் தபால் மூட்டைகளைப் பார்த்துக்கொண்ட ஜோசப் ருலான், வான்கோவின் நண்பர். அந்தக் குடும்பம் மொத்தத்தையும், 1888-இல் பிறந்த கைக்குழந்தை வரைக்கும், வான்கோ வரைந்திருக்கிறார். நடுப்பையன் கமீல், அப்போது அவனுக்குப் பதினொரு வயசு. அன்ஹோல்ட் மேதையின் மண்டைக்குள் போகாமல் இந்தப் பையனின் உயரத்தில் நின்று பார்க்கிறார். குழந்தைக்கு வான்கோ முதலில் ஒரு மேதையாக இல்லாமல் அப்பாவின் சிநேகிதராக அறிமுகமாகிறார். அருமையான யோசனை.

ஆனால் ஊர் கேலி செய்கிறது, அவர் போய்விடுகிறார் என்று வரும்போது பழைய அச்சு திரும்ப வந்துவிடுகிறது.

பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே காதுக்குப் போய்விடுவார்கள். காதை அறுத்துக்கொண்டதை ஆறு வயசுப் பிள்ளையிடம் சொல்லலாமா, கூடாதா? என் அக்கா மகளுக்கு இந்தப் புத்தகத்தை நானே தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தபோது நானும் அதற்குத்தான் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு: "இவர்கிட்ட காசே இல்லைன்னா பெயின்ட்டு யார் வாங்கிக் குடுத்தா மாமா?"

இதைவிட நல்ல விமர்சனக் கேள்வியை நான் சமீபத்தில் கேட்கவில்லை. பதில்: தம்பி. பாரிஸில் ஓவிய வியாபாரத்தில் இருந்த தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார். சாயக் குழாய்களும் துணியும் அனுப்பினார். அண்ணன் பதிலுக்கு வரைந்த படங்களை அனுப்பினார். தியோவுக்கு அவர் எழுதியதில் 600-க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் தத்துவமும் உண்டு, இன்ன மஞ்சள் இத்தனை குழாய் வேணும் என்ற மளிகைப் பட்டியலும் உண்டு.

வான்கோ 1890 ஜூலையில் இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். தியோவின் மனைவி யோவுக்கு அப்போது 28 வயசு. கையில் ஒரு வயசுக் குழந்தை, வீடு நிறைய யாரும் கேட்காத படங்கள். அவர் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே கண்காட்சிகளுக்கு அலைந்தார், 1914-இல் கடிதங்களைப் பதிப்பித்தார். 'பிறகு உலகம் புரிந்துகொண்டது' என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறார்களே, அந்த ஒரு வரி ஒரு பெண்ணின் பல வருஷத்து வேலை.

'ஒரே ஒரு படம்தான் விற்றது' என்பதும் இப்படித்தான். 1882-லேயே சித்தப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளை வரையச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார். 1890-இல் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 ஃபிராங்குக்குப் போனது. வாங்கிய ஆனா பாக் தானும் ஓவியர். வான்கோவுடைய நண்பரின் அக்கா. முற்றிலும் தனியாகக் கிடந்த ஆளின் கதையா இது?

ஊரைப் பற்றியும் கொஞ்சம். 1889-இல் ஆர்லில் முப்பது பேர் போலக் கையெழுத்துப் போட்டு வான்கோவை அப்புறப்படுத்தச் சொன்னது உண்மை. அதில் கலை ரசனை பற்றிய பிரச்சினை ஒன்றும் இல்லை. உடம்பும் மனசும் சரியில்லாத ஒரு மனுஷனைப் பார்த்துப் பயந்தார்கள். அதே சமயம் ருலான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார், தியோவுக்குக் கடிதம் போட்டார். பயந்தவர்களையும் போய்ப் பார்த்தவரையும் குழந்தையிடம் சொல்லலாம், அதற்குப் புரியும். காதைக்கூட அந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. வகுப்பில் கேலி செய்யப்படுகிற பிள்ளைக்குப் பழைய அச்சு தருகிற ஆறுதல் என்ன? "கவலைப்படாதே, நீ செத்த பிறகு பார்." கொடுமை.

வாழ்க்கையையே சொல்லாத வழியும் இருக்கிறது. எரிக் கார்லின் 'நீலக் குதிரை வரைந்த ஓவியர்' (2011) முழுக்க நீலக் குதிரை, சிவப்பு முதலை, மஞ்சள் மாடுதான். ஃப்ரான்ஸ் மார்க் பற்றிய குறிப்பு கடைசியில்தான். நாஜி ஜெர்மனியில் பள்ளியில் படித்த கார்லுக்கு, தடை செய்யப்பட்டிருந்த அந்த மாதிரிப் படங்களை ஓவிய ஆசிரியர் ஒருவர் ரகசியமாகக் காட்டியிருக்கிறார். அது தெரிந்து படித்தால் அந்தக் குதிரையின் நீலம் வேறு மாதிரித் தெரிகிறது. தெரியாத குழந்தைக்கு நீலக் குதிரை, அவ்வளவுதான். அதுவும் போதும்.

வான்கோவையே காட்டுவதென்றால் கடிதங்களிலிருந்து தொடங்கலாம். எல்லாமே இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 1888 அக்டோபரில் தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தன் படுக்கையறையைப் பேனாவால் கிறுக்கியிருப்பார். அதையும் அதே அறையின் வண்ணப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். நாற்காலி ரெண்டு, தலையணை ரெண்டு. மிச்சத்தை அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.