காதால் பார்க்கும் வைத்தியம்

பழைய பைக்கின் செல்ஃப் ஸ்டார்ட் மக்கர் பண்ணினால், நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தேடுவதில்லை. "பட்டனை அமுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். பட்டறையில் எனக்குப் பிடித்த கருவி அந்தக் காதுதான்.

'டிக்டிக்டிக்' என்று துடித்தால் பேட்டரியில் தெம்பில்லை: ரிலே பிடிக்கிறது, மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரே ஒரு 'டக்', பிறகு ஒன்றுமில்லை என்றால் சந்தேகம் ரிலேயின் தீய்ந்த முனைகள் மீதும், மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ் மீதும். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் இன்ஜின் அசையாவிட்டால் பெரும்பாலும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அது செலவு வைக்கும். சத்தமே இல்லையா? முதலில் கில் ஸ்விட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அதை மறந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

மீட்டர் வைப்பது அப்புறம்தான். சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, பட்டனை அமுக்கியதும் 10-க்கும் வெகுவாகக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது. விழாமலே மோட்டார் முனகினால், எர்த் வயர் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். புது பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.