தொண்ணூற்றைந்து விழுக்காடு போதுமா?

கல்லூரி அறிவியல் கண்காட்சி ஒன்றில் நான் நடுவனாக இருந்தேன். மாணவர் இருவர் வேர்க்கடலை ஓட்டைப் பொடித்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சூடேற்றி, கழுவி உலர்த்திக் கொண்டுவந்திருந்தனர். மயில்துத்தக் கரைசலில் அப்பொடியை இட்டுக் கலக்கி வடிகட்டியதும் நீலம் மறைந்தது. எல்லோரும் கைதட்டினர். நானும் முதற்பரிசுக்குப் பரிந்துரைத்தேன். அப்போது பார்வையாளர் ஒருவர், "ஐயா, எங்கள் கிணற்றில் தோல் பதனிடும் கழிவு கலந்துவிட்டது. இந்தப் பொடியைப் பானையில் போட்டு வடித்துக் குடிக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையை இப்போது எழுதுகிறேன்.

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். ஓடு, உமி, மரத்தூள், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் செல்லுலோசும் லிக்னினும் உள்ளன. சிட்ரிக் அமிலம் செல்லுலோசுடன் பிணைந்து, புதிய கார்பாக்சில் தொகுதிகளைச் சேர்க்கிறது. எதிர்மின்னூட்டம் பெறும் இத்தொகுதிகள் காரீயம், செம்பு, காட்மியம் போன்றவற்றின் நேர்மின் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 1990-களில் சோயா மொச்சைத் தோலைக் கொண்டு இதைச் செய்து காட்டினர். கருத்தில் குறையில்லை. குறை, அது நமக்குச் சொல்லப்படும் முறையில் இருக்கிறது.

"95 விழுக்காடு காரீயம் நீக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். எத்தனையில் 95 என்று நீங்கள் கேட்க வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் காரீயம் இருந்த கரைசலில் 95 போனால் 5 எஞ்சும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் அளவோ 0.01 மில்லிகிராம்தான். எஞ்சியதே அதைப்போல் 500 மடங்கு! மயில்துத்தத்தின் நீலம் மறைந்ததைக் கண் கண்டது. காரீயத்திற்கோ நிறமே இல்லை.

அடுத்தது, "ஒரு கிராம் பொடி 100 மில்லிகிராம் பிடிக்கும்" என்ற கூற்று. பேருந்தில் 50 இருக்கைகள் இருக்கலாம். நிறுத்தத்தில் இருவரே நின்றால் பேருந்து நிரம்புமா? 1918-இல் லாங்மூர் வாயுக்களுக்காக வகுத்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். பொடியின் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம் என்றும், லிட்டருக்கு 20 மில்லிகிராம் செறிவில் அது பாதி நிரம்பும் என்றும் கொள்வோம். நீரில் 100 மில்லிகிராம் இருந்தால், ஒரு கிராம் பொடி 83 மில்லிகிராம் பிடிக்கும். 0.1 மில்லிகிராம் மட்டுமே இருந்தால், பிடிப்பது அரை மில்லிகிராம்தான்.

ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால், இந்த நீரில் 2 மில்லிகிராம் காரீயம் வரும். முதல் எண்ணை நம்பினால் ஒரு கிலோ பொடி நூறாண்டுக்கு மேல் உழைக்கும். இரண்டாவது எண்ணின்படி, எல்லாம் சரியாக நடந்தாலும் 250 நாள்தான். கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதே இருக்கைகளுக்குப் போட்டியிடுவதால் இதுவும் குறையும். ஆய்வுக்கூடத்தில் வாலைவடி நீரைப் பயன்படுத்துவோருக்கு இத்தொல்லை தெரிவதில்லை.

ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் கதை வேறு. நீரில் அது குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருக்கிறது. எனவே பல ஆய்வுகள் பி.எச். 2 என்ற கடும் அமில நிலையில் நடத்தப்படுகின்றன. அந்நிலையில் தாவரப் பொருளே குரோமியத்தை மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்கிவிடுகிறது. ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டும் காட்டும் நிறச்சோதனை செய்தால், எல்லாம் நீங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அதில் ஒரு பகுதி உருமாறி நீரிலேயே நிற்கக்கூடும். மொத்தக் குரோமியத்தை அளக்காத ஆய்வை நம்பாதீர்கள்.

இறுதியாக, பிடிபட்ட உலோகம் எங்கே போகும்? அணு அழியாது. பொடியை அமிலத்தால் கழுவினால் உலோகம் அமிலத்தில் இருக்கும். அடுப்பில் எரித்தால் சாம்பலிலும் புகையிலும். குப்பையில் கொட்டினால் மீண்டும் மண்ணில். கட்டுரையின் கடைசி வரிவரை படித்து, இதற்கு விடை உண்டா என்று பாருங்கள்.

அப்படியானால் இம்முயற்சி வீணா? இல்லை. செறிவு மிகுந்த இடத்தில்தான் இப்பொடி நன்றாக உழைக்கிறது. அதன் இடம் வீட்டுப் பானை அன்று, ஆலையின் கழிவு வாயில். அங்கே பழகிய பணியாள் இருப்பார், அளவுக்கருவி இருக்கும், பிடித்த உலோகத்தை மீட்கவும் வழி உண்டு. மாசு செய்தவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்று, வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இயற்பியல் காட்டும் இடமும் நீதி காட்டும் இடமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

அந்தப் பெரியவருக்கு என் விடை இது: "வேண்டாம் ஐயா. தோல் கழிவோடு வரும் உப்பை இப்பொடி நீக்காது. குரோமியம் போயிற்றா என்பதும் நாவுக்குத் தெரியாது. முதலில் நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை வேறு நீரைக் குடியுங்கள்." மாணவர்களுக்குத் தந்த பரிசை நான் திரும்பக் கேட்கவில்லை. வடித்தபின் எஞ்சியது எவ்வளவு என்று அளந்து, அடுத்த ஆண்டும் வாருங்கள் என்றே அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.