சிறையும் சிறகும் ஒன்றல்ல

வாட்ஸப்பில் ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது: சிறகை ஒடித்து உட்கார வைப்பதால் அதற்குச் சிறை என்று பெயராம். எங்க பல்லடம் குழுவிலேயே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். படிக்க அழகாத்தான் இருக்கு. வேர்ச்சொல் விளக்கம் ரொம்ப அழகாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சிறை என்ற சொல்லுக்குச் சிறகு என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் போக்கைப் பாருங்கள். சிறகுக்குப் பக்கத்திலேயே சகரம் இல்லாத இறகும் இறக்கையும் நிற்கின்றன. நம்மூர்ப் பேச்சில் றெக்கை. கன்னடத்தில் ரெக்கெ, தெலுங்கில் ரெக்க. ஆளை அடைக்கும் சிறையோ சகரத்தை விடவே இல்லை. தெலுங்கில் செர, செரசால. கன்னடத்தில் செரெ, செரெமனெ. இரண்டும் ஒரே சொல் என்றால் எங்காவது ஒரு மூலையில் சிறைச்சாலை 'இறைச்சாலை' ஆகியிருக்க வேண்டாமா? பர்ரோ–எமனோ அகராதியும் சிறகைத் தனிப் பதிவாகத்தான் வைத்திருக்கிறது.

இந்தச் சிறையின் சொந்தபந்தம் எல்லாம் தண்ணீர்ப் பக்கம். பாய்ந்து வரும் படையை ஒற்றை ஆளாகத் தடுத்து நிற்கும் வீரனுக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லும் உவமை கற்சிறை, அதாவது கல்லணை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இன்றும் 'சிற' என்றால் அணை, குளம். சிறயின்கீழ் என்று ஊரே இருக்கிறது. தெலுங்கில் ஏரிக்குப் பெயர் செருவு, கன்னடத்தில் கெரெ. ககரம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்: அவர்களுக்குக் கேரி, நமக்குச் சேரி, அவர்களுக்குக் கிவி, நமக்குச் செவி. அதே கணக்குதான்.

ஆக, அடிப்பொருள் தடுத்து நிறுத்துவது. இதை வைத்துக்கொண்டு குறளுக்குப் போனால் ஒரு பெரிய குழப்பம் தீரும். 499, 569 இரண்டிலும் சிறை என்பது அரண். பகைவனை வெளியே நிறுத்துவது. 57இல் அதே சொல் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தும் காவல். சுவர் ஒன்றுதான், யாரை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். சிறகு விளக்கத்தை நம்பினால் 499ஐ எப்படிப் படிப்பீர்கள்?

கட்டடத்தைச் சொல்ல அன்று வேறு சொல்லும் இருந்தது. சேரமான் கணைக்கால் இரும்பொறை அடைபட்டது குடவாயில் கோட்டத்தில். மணிமேகலையில் வருவது சிறைக்கோட்டம். வ.உ.சி. செக்கிழுத்த கோயமுத்தூர்க் கட்டடம் பலகையில் மத்திய சிறை, எங்க வாயில் ஜெயில்தான்.

ஆனால் பழைய பொருள் செத்துவிடவில்லை. கழிவு கொட்ட வந்த லாரியை ஊர்க்காரர்கள் மறித்தால் மறுநாள் பேப்பரில் என்ன தலைப்பு வருகிறது? 'லாரி சிறைபிடிப்பு'. அங்கே மதிலும் இல்லை, பூட்டும் இல்லை. நடுரோட்டில் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.