பொன் எடுத்த மண்ணும் பொன் ஏறிய சுவரும்

கோலார் தங்கவயலில் நூற்றிருபது ஆண்டுகள் பொன் எடுத்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றதில் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை, எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் அந்த மண்ணிலிருந்து வெளியேறியது. ஆனால் பொன் முலாம் பூசிய பலிபீடத்தைப் பார்க்கவென்று யாரும் கோலாருக்குப் போவதில்லை. பார்ப்பதற்கு அங்கே சயனைடு கழிவு மேடுகளும், தொழிலாளர்களின் லைன் வீடுகளும், எளிய தேவாலயங்களும் உண்டு. மைசூர் ராஜ்ஜியத்தின் பொன்வேலையைப் பார்க்க வேண்டுமானால் மைசூரில் நம் அக்ரஹாரத்துப் பூஜை அறைகளுக்கோ, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஜகன்மோகன் அரண்மனைக்கோதான் வர வேண்டும். பொன் விளைந்த இடத்தில் பொன் தங்குவதில்லையா என்று கேட்டால், எங்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. தங்கிய இடமும் ஒன்று இருக்கிறது.

அது பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெரைஸ். 1690களில் அங்கே ஆற்று மணலில் பொன் கிடைத்தது. சில பத்தாண்டுகளுக்குள் மலை மடிப்புகளில் ஊர்கள் முளைத்தன. 1711இல் விலா ரிகா என்று நகராக்கப்பட்டு இன்று ஓரோ பிரேட்டோ என்று வழங்கும் ஊர் அவற்றில் தலையாயது. போர்ச்சுகல் மன்னருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி. இதோடு மன்னர் இன்னொரு கட்டளையும் போட்டார்: சுரங்கப் பகுதியில் துறவியர் சபைகள் மடம் கட்டக் கூடாது. சாமியார்கள் அங்கிக்குள் பொன்னைக் கடத்துகிறார்கள் என்பது அரசாங்கத்தின் சந்தேகம். அந்தத் தடைதான் அங்கே கலையை வளர்த்தது என்பது என் கணிப்பு. மடங்கள் இல்லாத இடத்தில் ஊர்க்காரர்களே சகோதர சபைகளாகக் கூடிக் கோவில் கட்டினார்கள். வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தாருக்கு ஒன்று, கறுப்பின அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும் ஜெபமாலை மாதா சபை. ஒரு சபை கோபுரம் எழுப்பினால் அடுத்த சபை சும்மா இருக்குமா? தெருவுக்குத் தெரு உற்சவப் போட்டி பார்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் போட்டியில் மூன்று பாணிகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, முறுக்குத் தூண்களும் திராட்சைக் கொடியும் பறவைகளுமாகச் சுவர் தெரியாமல் பொன்னால் மூடிய பழைய போர்ச்சுகீசியப் பாணி. இரண்டாவது, ஐந்தாம் ஜான் மன்னர் காலத்து ஆடம்பரப் பாணி. விதானமும் திரைச்சீலையும் வானதூதர் கூட்டமுமாக நாடக மேடை போல் இருக்கும். 1733இல் பெரும் ஊர்வலத்தோடு திறக்கப்பட்ட பிலார் மாதா கோவில் இந்த வகை. மூன்றாவது ரொகோகோ. இங்கே வெள்ளைச் சுவர் மீண்டும் கண்ணில் படுகிறது. பொன் விளிம்புக்கு ஒதுங்கிவிடுகிறது. 1766இல் தொடங்கிய அசிசி பிரான்சிஸ் கோவிலில் இதன் உச்சத்தைக் காணலாம். அதன் சிற்பி அலெய்ஜாதின்யோ என்ற பட்டப்பெயரால் அறியப்படும் அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா. போர்ச்சுகீசியக் கட்டட மேஸ்திரிக்கும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். நோயால் கைகால் உருக்குலைந்த பிறகும் உளியை விடாதவர். கொங்கோன்யாஸ் ஊரில் மாக்கல்லில் அவர் செதுக்கிய பன்னிரண்டு தீர்க்கதரிசிகளின் மேல் ஒரு குன்றிமணிப் பொன்கூடக் கிடையாது. அவருடைய ஆகப் பெரிய வேலை அதுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

பிலார் கோவிலில் நானூறு கிலோ பொன் இருப்பதாகச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய மெல்லிய ரேக்காகத் தட்டினால் ஒரு கிராம் பொன் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டரை மூடும். நானூறு கிலோ இரண்டு லட்சம் சதுர மீட்டரை மூட வேண்டும். அதாவது ஐம்பது ஏக்கர். அந்தக் காலத்து ரேக்கு பத்து மடங்கு தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து ஏக்கர் ஆகிறது. ஒரு கோவிலின் உட்சுவரில் அவ்வளவு இடம் ஏது? எடை சொல்லி வியக்க வைப்பது எல்லா ஊர் வழிகாட்டிகளுக்கும் பழக்கம். நம் தசரா யானை சுமக்கும் பொன் அம்பாரியின் எடையையும் இப்படித்தான் முதலில் சொல்கிறோம், அதன் வேலைப்பாட்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

போர்ச்சுகீசியரின் இந்தப் பொன்மரபு பிரேசிலுக்குப் போன அதே கப்பல் வழிகளில் நம் மேற்குக் கரைக்கும் வந்தது. பழைய கோவாவின் சே கதீட்ரலில் புனித கத்தரீனின் பலிபீடமும், போம் ஜேசு பசிலிக்காவின் பீடமும் அதே குடும்பம்தான். மரம், அதன் மேல் பசையும் சுண்ணமும், அதன் மேல் செம்மண் பூச்சு, அதன் மேல் பொன் ரேக்கு, கடைசியில் அகேட் கல்லால் மெருகு. 1567இல் கோவாவில் கூடிய திருச்சபைச் சங்கம், இந்துக் கைவினைஞர்கள் கிறிஸ்தவத் திருவுருவங்களைச் செய்யக் கூடாது என்று தடை போட்டது. அவர்கள் செய்துகொண்டிருந்ததால்தானே தடை போட வேண்டி வந்தது! கோவாவில் செதுக்கிய தந்தத் திருவுருவங்கள் பிரேசில் வரை போயின, இன்றும் அங்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மினாஸின் சபாரா ஊரில் ஒரு சின்னஞ்சிறு மாதா கோவில் இருக்கிறது. அதன் உள்ளே சிவப்புப் பலகைகளில் சீனத்துக் கோபுரங்களும் பறவைகளும் பொன்னில் வரையப்பட்டிருக்கின்றன. கிழக்குக் கடல் வணிகத்தின் வாசனை, தென்னமெரிக்க மலைநாட்டில்!

அப்படியானால் கோலாருக்கு மட்டும் ஏன் இந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று? பணம் போன வழி ஒரு காரணம். சுரங்கப் பங்குகள் லண்டனில் இருந்தன. லாபம் அங்கே போயிற்று, உரிமைத்தொகை மைசூர் கஜானாவுக்கு வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளிக்குக் கூலி மட்டும்தான். சாம்பியன் ரீஃப் வெற்றி மாதா கோவில் போன்றவை அந்தக் கூலிக்காரர்களின் வாழ்வோடு வளர்ந்தவை. இரண்டாவது காரணம் காலம். கோலாரில் கோவில்கள் எழுந்தபோது ஐரோப்பியரின் ரசனையே மாறிவிட்டது. பொன் பூசிய பீடம் பகட்டு என்று தள்ளப்பட்டு, கூரிய வளைவும் வண்ணக் கண்ணாடியும் பக்திக்கு உரியவை என்றாகிவிட்டன. நம் ஊர் புனித பிலோமினா பேராலயமே இதற்குச் சாட்சி. 1933 அக்டோபர் 28 அன்று நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஜெர்மனியின் கொலோன் கதீட்ரல் அதற்கு மாதிரி, கோபுரங்களின் உயரம் 175 அடி. புனிதையின் திருப்பண்டத்தை வரவழைத்தவர் மகாராஜாவின் செயலாளராக இருந்த தம்புச் செட்டியார். உள்ளே போனால் கண்ணைப் பறிப்பது பொன் அல்ல, ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சம். அந்தக் கூரிய வளைவு மரபின் அளவுகோல் அதுதான்: வெளிச்சத்தைக் கட்டடம் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வேண்டும். பொன்னைத் தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார்.

இனி, நம் ஊரில் பொன் தங்கிய இடமான மைசூர் ஓவியம். போர்ச்சுகீசியப் பொன்மரபைப் போல இதுவும் இடம்பெயர்ந்த மரபுதான். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத்துச் சித்திரக்காரர்கள் சிதறினார்கள். 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய ராஜ உடையார் அவர்களில் சிலருக்கு ஆதரவு கொடுத்தார். இடையில் ஹைதரும் திப்புவும் வந்தார்கள். திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவர்களில் பொள்ளிலூர்ப் போரை வரைந்த கைகளும் இந்த வழிவந்தவையே. ஆனால் மரபு முழு உருவம் பெற்றது மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில். 1799இல் ஐந்து வயதுக் குழந்தையாக அரியணை ஏறியவர். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு 1868 வரை அவர் கையில் இருந்தது பட்டமும் ஓய்வும். அந்த ஓய்வில் சித்திரக்காரர்களையும் பண்டிதர்களையும் கூட்டி ஒன்பது பகுதிகளாக ஸ்ரீதத்வநிதியைத் தொகுத்தார். எந்தத் தெய்வத்துக்கு என்ன நிறம், எத்தனை கை, கையில் என்ன ஆயுதம் என்று படத்தோடு சொல்லும் பெருநூல் அது. 1861இல் ஜகன்மோகன் அரண்மனை எழுந்தது. ஆட்சி கையில் இருந்திருந்தால் இவ்வளவு செய்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

முறை இது. பலகையில் ஒட்டிய காகிதத்தில், புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் உருவம் போடுவார்கள். பின்னணி, ஆடை, மேனி என்று வண்ணம் ஏறும். நகை, கிரீடம், சிம்மாசனம், தூண் வருமிடங்களில் மக்கி சபேதா. சபேதா என்பது ஈய வெள்ளை, மக்கி என்பது மஞ்சள் மரப்பிசின், இரண்டையும் பசையில் குழைத்துத் தூரிகையால் இழை இழையாக மேடு கட்டுவார்கள். தடவிப் பார்த்தாலோ பக்க வெளிச்சத்திலோதான் மேடு தெரிய வேண்டும். அதன் மேல் பொன் ரேக்கு, அதன் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துக் கல்லால் மெருகு. பிரேசில் மரவேலையிலும் இதே வரிசைதான்: பசை, மேடு, ரேக்கு, கல். ஒருவரையொருவர் பார்க்காத கைகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

தஞ்சாவூர் பாணி இதற்குத் தாயாதி. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்தது. பலாப்பலகை, அதன் மேல் துணி, சுக்கான் மாவில் தடித்த மேடு, அதில் கண்ணாடியும் ஜெய்ப்பூர்க் கற்களும், கனமான ரேக்கு. தவழும் கிருஷ்ணன் படம் முழுவதையும் நிறைத்து இருப்பான், பின்னால் ஒரே நிறத்தில் திரை. மைசூரில் கல் பதிப்பது அபூர்வம். ராமர் பட்டாபிஷேகப் படத்தில் பின்னால் மாடமும் மரமும் ஆகாயமும் தெரியும், அனுமனின் முகத்தில் பணிவு தெரியும். தஞ்சாவூர்ப் படம் கோவில் கருவறையின் எண்ணெய் விளக்குக்காகச் செய்யப்பட்டது போல் தூரத்திலிருந்தே பேசும். மைசூர்ப் படத்துக்குக் கிட்டே போக வேண்டும். எது உயர்ந்தது என்று அக்ரஹாரத்துத் திண்ணைகளில் தமிழ்க்காரர்களுக்கும் கன்னடக்காரர்களுக்கும் நடக்கிற வழக்கில் நான் மைசூர்க் கட்சி. காரணம் ஊர்ப்பாசம் மட்டும் அல்ல. தடித்த மேடும் கல்லும் தப்பான கோட்டை மறைத்துவிடும். மைசூர் மேட்டில் மறைக்க இடமில்லை.

ஆகவே தரம் பார்க்க விரும்புகிறவர் பொன்னைக் கடைசியில் பார்க்கட்டும். முதலில் கண்ணும் விரலும். விரல்நுனி வரை கோடு நடுங்காமல் வந்திருக்கிறதா? அடுத்து மேடு. படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஹாரத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எழுந்து நிற்க வேண்டும், அச்சில் வார்த்த பட்டை போல் சமமாக இருக்கக் கூடாது. பிறகு, பொன் எங்கே இல்லை என்று பாருங்கள். நல்ல சித்திரக்காரர் மேனியிலும் ஆகாயத்திலும் பொன் வைப்பதில்லை. கொங்கோன்யாஸ் தீர்க்கதரிசிகள் சொல்வதும் இதுவே: பொன்னை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்கிறதா? நம் ஊரிலேயே சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்து, வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற கே. வெங்கடப்பா, பொன்னை அடியோடு விட்டுவிட்டு நீர்வண்ணத்தில் உதகமண்டலத்து மேகங்களை வரைந்தார். கோடு கைவசம் இருந்தது, அவர் படங்கள் நின்றன.

இன்று கடைகளில் இருபத்திரண்டு காரட் என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். மேலே போட்ட கணக்குப்படி, இரண்டடிப் படத்தில் ஏறும் ரேக்கின் எடை ஒரு கிராமைத் தொடுவதே அரிது. நீங்கள் பணம் கொடுப்பது கைவேலைக்கு. அந்தக் கைவேலை இல்லாமல், அச்சடித்த படத்தின் மேல் மேடு கட்டிப் பித்தளை ரேக்கு ஒட்டி விற்பதும் நடக்கிறது. சில ஆண்டுகளில் அது கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜகன்மோகன் அரண்மனை 1915இல் கலைக்கூடமாக மாறியது. அங்கே போகிறவர்கள் ரவிவர்மாவையும், ஹல்தங்கரின் விளக்கேந்திய பெண்ணையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பக்கத்துச் சுவர்களில் இருக்கும் மும்மடி காலத்துச் சித்திரங்களுக்கு முன்னால் கூட்டம் நிற்பதில்லை. பரகால மடத்துக்கு வருகிறவர்கள் ஒரு வாசல் தள்ளி நடந்தால் போதும்.

கடைசியாக, அக்ரஹாரத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பூஜை அறையில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பட்டாபிஷேகமோ ராஜராஜேஸ்வரியோ இருக்கலாம். கற்பூரப் புகையில் மங்கிவிட்டது என்று ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பசையும் மேடும் தண்ணீரில் கரையும். வெள்ளையடிக்க வந்தவரிடமோ பிரேம் கடையிலோ கொடுத்துப் பொன் பெயின்ட் அடிக்காதீர்கள். ஓதம் ஏறும் சுவரிலிருந்து இறக்கி, உலர்ந்த சுவரில், விளக்குச் சுடர் படாத உயரத்தில் மாட்டுங்கள். படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்பலகையில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து. பழுது பார்க்க வேண்டுமானால், கலைப்பொருள் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வுக்கூடத்தின் மண்டல நிலையம் மைசூரிலேயே இருக்கிறது. அங்கே கேட்காமல் யார் கையிலும் படத்தைக் கொடுக்காதீர்கள்.